இரண்டு நாள் வைத்தியர்கள்

கணக்குப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்த ஒருவர், ஆர்ட்டிகிள்ஷிப்பே செய்யாமல் ஒரு கம்பெனியின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட முடியுமா? முடியாது. ஓர் ஆடிட்டரின் கீழே உட்கார்ந்து, வவுச்சர் புரட்டி, திட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். காசுக் கணக்குக்கே இவ்வளவு கெடுபிடி. மனசுக்கு?

இணையத்தில் தேடிப் பாருங்கள். பத்து மணி நேர வீடியோ, கடைசியில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு பரீட்சை, பெயர் அச்சடித்த சான்றிதழ்... சி.பி.டி. தெரபிஸ்ட் ரெடி! சனி, ஞாயிறு என்று இரண்டே நாளில் முடித்துத் தருகிறவர்களும் உண்டு.

சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை கேட்பதற்கு மிக எளிமையானது. எண்ணம், உணர்ச்சி, செயல் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும். 1960களில் அமெரிக்காவின் ஆரோன் பெக் போட்ட அடித்தளம் அது. இந்த எளிமைதான் வினையாகிவிட்டது.

ஓர் உதாரணம். திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், 'ஹார்ட் அட்டாக்' என்று பயந்து ஓடுவார் ஒருவர். டாக்டர்கள் இதயத்தைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீடியோ பார்த்துப் படித்தவர் என்ன செய்வார்? "பயப்படாதீங்க, மெதுவா மூச்சு விடுங்க" என்பார். நோயாளியும் நிம்மதியாகப் போவார். ஆனால் மூச்சைப் பிடித்துக் கட்டுப்படுத்தியதால்தான் பிழைத்தோம் என்று அவர் மனசு நினைத்துக்கொள்ளும், பயம் அப்படியே இருக்கும். முறையாகப் பயின்றவரோ நேர்மாறாக, அறையிலேயே அவரை வேகவேகமாக மூச்சு விடச் சொல்லி அந்தப் படபடப்பை வரவழைப்பார். வந்தது, ஒன்றும் ஆகவில்லை, போனது என்று நோயாளியே கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்ய சிகிச்சையாளருக்கும் துணிச்சல் வேண்டும். பாதியில் அவரே பயந்து நிறுத்திவிட்டால்? எந்தப் புத்தகமும் அதைக் காட்டிக் கொடுக்காது. மேற்பார்வையாளர் கேட்கும் ஒலிப்பதிவு காட்டிக் கொடுக்கும்.

இங்கிலாந்து இதைப் புரிந்துகொண்டது. 2008இல் தொடங்கிய அரசுத் திட்டத்துக்கு வாதாடியவர்களில் ஒருவர் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர், இன்னொருவர் ரிச்சர்ட் லேயார்ட் என்ற பொருளாதார நிபுணர் (காமர்ஸ்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!). குணமானவர்கள் வேலைக்குத் திரும்பினால் செலவழித்த காசு அரசுக்கே திரும்பி வரும் என்பது அவர்கள் கணக்கு. பயிற்சி ஒரு வருடம். வாரத்தில் சில நாள் பல்கலைக்கழகம், மீதி நாள் உண்மையான நோயாளிகள். அதற்குச் சம்பளமும் உண்டு. சிகிச்சையின் ஒலிப்பதிவுக்கே மதிப்பெண். 12 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 6, மொத்தம் 72. வழக்கமாக 36 வந்தால்தான் தேர்ச்சி. அந்நாட்டுத் தொழில் அமைப்பு, அங்கீகாரத்துக்குக் குறைந்தது 200 மணி நேரமாவது மேற்பார்வையில் சிகிச்சை அளித்திருக்க வேண்டும் என்கிறது.

அதே நாட்டில் 'சைக்கோதெரபிஸ்ட்' என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். என்ன கொடுமை இது!

"இந்தியா மாதிரி நாட்டில் ஆளே இல்லை, ஒன்றுமே இல்லாததற்கு இதாவது இருக்கட்டுமே" என்பார்கள். கோவாவைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில், உளவியல் பட்டம் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுக்குச் சிகிச்சை தர வைத்தார்கள். நோயாளிகள் தேறினார்கள். 2017இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு அது. ஆனால் அவர்களும் தங்கள் ஒலிப்பதிவுகளை வாராவாரம் கூட்டாகக் கேட்டு, மதிப்பெண் போட்டு, திருத்திக்கொண்டார்கள். பட்டம் இல்லாமல் சமாளிக்க முடிந்தது. மேற்பார்வை இல்லாமல் அல்ல.

கைராசி இல்லாத தையல்காரரிடம் துணி கெட்டால் வேறு துணி எடுக்கலாம். அரைகுறை சிகிச்சையில் ஏமாந்தவரோ, "தெரபியும் எனக்கு வேலை செய்யல" என்று முடிவுகட்டிவிட்டு, அடுத்த கதவைத் தட்டவே மாட்டார்.

எனவே மணிக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுக்கும் முன் சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்க்காதீர்கள். "உங்க மேற்பார்வையாளர் யாருங்க?" என்று கேளுங்கள்.