அந்த அமைதிக்குக் கூலி கொடுத்தது யார்?

"ஓவியத்தை ஓவியமா மட்டும் பாருங்களேன், அதுல எதுக்கு அரசியல்?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். சரி, பார்ப்போம்.

1877இல் மரியான் நோர்த் என்ற ஆங்கிலேய ஓவியர் களுத்துறையில் ஜூலியா மார்கரெட் கமரனின் வீட்டில் தங்கினார். அங்கிருந்து தெரிந்த ஆற்றை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். லண்டன் கியூ தோட்டத்தில், அவர் பெயரிலேயே உள்ள கூடத்தில் அவருடைய ஓவியங்கள் தொங்குகின்றன. ஆறு அழகுதான், மறுக்கவில்லை.

ஆனா அந்த வீட்டில் இருந்தவர் யார்? நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் அதே கமரன், ஜூலியாவின் கணவர். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தவர். அந்தக் காலத்துக் கோப்பி யாருடைய உழைப்பு? மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, பசியிலும் காய்ச்சலிலும் பாதி வழியில் செத்தவர்கள் போக, மிஞ்சி வந்த நம்ம ஆட்களுடையது. ஆற்றங்கரை விறாந்தையின் அமைதிக்கு மலையில் கூலி கொடுத்தார்கள்.

பழைய கதையா? இன்று எல்லவுக்கு வந்து ஒன்பது வளைவுப் பாலத்தையும் பச்சை மலையையும் படமெடுப்பவர்களின் சட்டத்துக்குள் லயம் வருகிறதா? 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகுதானே கமரா இந்தப் பக்கம் திரும்பியது!

படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. பக்கத்தில் கோப்பியைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். நாளைக்கு நம்மில் யாராவது பதுளை ஓயாவை வரைந்தா, கரையில் துணி துவைக்கிற அம்மாக்களை அழிச்சிடாதீங்க.