பழையது இயந்திரமா, ஆயில் சீலா?

கர்நாடகத்தின் சிவமொக்கா, தாவணகெரே மாவட்டங்களில் பாக்குத் தோப்புகளை ஒட்டிய ஊர்களில் பல வீடுகளின் பின்கட்டு ஒரு சிறு பட்டறையாகவே இயங்குகிறது. தானாக உதிரும் பாக்குமட்டைகளைச் சேகரித்து, கழுவி, ஊறவைத்து, சூடேற்றிய அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு உருவாகிறது. அந்த அழுத்தத்தைத் தருவது ஹைட்ராலிக் இயந்திரம். அது நின்றால் அந்தக் குடும்பத்தின் அன்றாட வருமானமும் நின்றுவிடும்.

சில ஆண்டுகள் உழைத்தபின் இயந்திரத்தின் வேகம் குறைகிறது, எண்ணெய் கசிகிறது, தட்டின் விளிம்பு சரியாகப் படிவதில்லை. உடனே புதிய இயந்திரத்திற்கான விலைப்புள்ளியுடன் வங்கியை நாடுகிறார்கள். அப்பகுதிக் கிளை ஒன்றில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்த அனுபவத்தில் நான் கொண்டுள்ள கருத்து இதுதான்: இயந்திரத்தின் வயதைப் பார்த்து அதனை மாற்றக் கூடாது, பழுதின் இடத்தைக் கண்டறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். பழுதுபார்ப்பதே சரியென்றால், அதற்கும் வங்கி மனமுவந்து கடன் தர வேண்டும்.

ஹைட்ராலிக் இயந்திரத்தின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. இரும்புச் சட்டம் பல்லாண்டு நிற்கும். ரப்பர் சீல்களோ வெப்பத்தால் இறுகி வெடிக்கின்றன. ஹோஸ் குழாய்களும் அவ்வாறே. எண்ணெயில் சேரும் தூசும் உலோகத் துகளும் பம்பையும் வால்வையும் அரிக்கின்றன. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். பம்ப் இரைந்தால், உறிஞ்சு குழாயின் வடிகட்டி அடைபட்டிருக்கலாம் அல்லது காற்று உள்ளே புகலாம். அச்சு இறுகிப் பிடித்த நிலையில் அழுத்தமானியின் முள் நிற்காமல் இறங்கினால், பிஸ்டன் சீலிலோ வால்விலோ உட்கசிவு இருக்கக்கூடும். இவை பெரும்பாலும் இயந்திரத்தையே மாற்ற வேண்டிய குறைகள் அல்ல.

மாறாக, சட்டத்தின் பற்றவைப்பில் விரிசல் கண்டாலோ, சிலிண்டரின் உட்சுவர் ஆழமாகக் கீறப்பட்டு அதைச் சீர்செய்யும் செலவு புதிய சிலிண்டரின் விலையை நெருங்கினாலோ, உதிரிபாகங்களே கிடைக்காவிட்டாலோ மாற்றுவதுதான் விவேகம். பாதுகாப்பில் சமரசம் கூடாது. இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே அச்சு இறங்கும் அமைப்பு இல்லாத இயந்திரத்தில் அதைப் பொருத்த வேண்டும். இயலாதெனில் அவ்வியந்திரத்தைக் கைவிட வேண்டும். கசிவு எங்கே என்று விரலால் தடவித் தேடுவது பேராபத்து. உயர் அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி கணக்கு. வருமான வரி விதிகளின்படி பொதுவான இயந்திரங்களுக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம். 2,00,000 ரூபாய் இயந்திரம் ஐந்தாண்டு முடிவில் ஏட்டில் ஏறத்தாழ 88,700 ரூபாயாகக் குறையும். ஆனால் அது வரிக்கான எண். இயந்திரம் இன்னும் எத்தனை தட்டுகள் தரும் என்பதை அது சொல்லாது. அதே விலைக்கு 11 சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடன் பெற்றால் மாதத் தவணை சுமார் 6,548 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 35,700 ரூபாய். பழுதுபார்க்க 25,000 ரூபாய் ஆகுமென வைத்துக்கொண்டால், அது நான்கு மாதத் தவணையைவிடக் குறைவு.

"இன்று சீல், நாளை பம்ப், மறுநாள் வால்வு என்று செலவு முடிவதே இல்லை" என்பார்கள். இந்த அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். எந்த நாளில் என்ன பழுது, எவ்வளவு செலவு, எத்தனை நாள் வேலை நின்றது, எத்தனை தட்டுகள் வீணாயின என்று எழுதி வாருங்கள். ஓராண்டின் பழுதுச் செலவும் இழந்த வருமானமும் சேர்ந்து ஓராண்டுத் தவணையை நெருங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அப்போது அந்த நோட்டே உங்கள் கடன் விண்ணப்பத்திற்கு வலுவான சான்றாகும்.

வங்கியாளர்களாகிய எங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். புதிய இயந்திரத்திற்கு அச்சிட்ட விலைப்புள்ளி உண்டு. அடமானமாகக் காட்டப் பொருளும் உண்டு. ஊர் மெக்கானிக்கின் மதிப்பீடோ துண்டுத்தாளில் இருக்கிறது. ஆகவே எங்கள் பேனா இயல்பாகவே புதியதன் பக்கம் சாய்கிறது. இது திருத்தப்பட வேண்டிய வழக்கம். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. நடைமுறை மூலதனத் தேவையும் அத்திட்டத்தில் அடங்கும். பழுதுபார்ப்புச் செலவை அதில் எவ்வாறு சேர்க்கலாம் என்று உங்கள் கிளையில் தயங்காமல் கேளுங்கள்.

கேட்கச் செல்லும்போது மெக்கானிக்கிடம் பழுதையும், மாற்ற வேண்டிய பாகங்களையும், கூலியையும் தனித்தனியே எழுதிக் கையொப்பமிடச் சொல்லி எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் இதனை முடித்துக்கொள்வது நல்லது. மட்டை காய்ந்து வேலை மும்முரமாகும் மாதங்களில் இயந்திரம் நின்றால், நிதானமாகக் கணக்குப் பார்க்க நேரம் இராது.