கவசம் கேட்டவர் கோழையா?

கனடா நாட்டு மக்களுக்கு ஐஸ் ஹாக்கி உயிர். இங்கே கிரிக்கெட் எப்படியோ, அங்கே அது அப்படி. பனிக்கட்டித் தரையில் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஆட்டம் அது. பந்துக்குப் பதிலாகக் கெட்டி ரப்பர் வட்டு. குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை சுமார் 170 கிராம். பலசாலி ஒருவர் மட்டையால் அடித்தால் மணிக்கு 150 கிலோ மீட்டருக்கு மேல் பாய்ந்து வரும்.

அந்த வட்டின் எதிரே நிற்பவர்தான் கோல்கீப்பர். காலுக்குக் கனத்த காப்பு உண்டு. கைக்கு உறை உண்டு. மார்புக்கு மெத்தை உண்டு. முகத்துக்கு மட்டும் நெடுங்காலம் ஒன்றும் கிடையாது. 1930-ல் கிளின்ட் பெனடிக்ட் என்பவர் அடிபட்ட பின் தோல் கவசம் ஒன்றைச் சில ஆட்டங்களில் அணிந்து பார்த்தார். அது நிலைக்கவில்லை. மூக்கு உடைவதும் தையல் போடுவதும் தொழிலோடு பிறந்தவை என்று எல்லாரும் இருந்து விட்டார்கள்.

அப்படி இருக்க மறுத்தவர் ஜாக் பிளான்ட்.

1929-ல் கியூபெக் மாகாணத்தில் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் கோல்கீப்பர். மூக்கும் கன்ன எலும்பும் உடைந்த அனுபவம் அவருக்கு உண்டு. பயிற்சியின்போது கவசம் அணிவார். போட்டியில் அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் சம்மதிக்கவில்லை. கவசம் போட்டால் காலடியில் கிடக்கும் வட்டு தெரியாது, ஆட்டக்காரரின் துணிவும் குறைந்து விடும் என்பது அந்தக் காலத்துப் பேச்சு.

1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆட்டம். எதிரணி வீரர் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. ரத்தம் வழிய உள்ளே போய்த் தையல் போட்டுக் கொண்டார். கவசம் இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார். அணியிடம் அவர் தரத்துக்கு மாற்று ஆள் இல்லை. வேறு வழியின்றிப் பயிற்சியாளர் இணங்கினார். மான்ட்ரியல் அணி 3-1 என்று வென்றது.

அதன் பிறகும் வெற்றிகள் தொடர்ந்தன; அந்த அணி தோல்வி காணாத வரிசை 18 ஆட்டங்கள் வரை நீண்டது. 1960 மார்ச்சில் பயிற்சியாளர் கேட்டுக் கொண்டதற்காக ஒரு நாள் கவசத்தைக் கழற்றி வைத்து ஆடினார். அன்று 3-0 என்று தோல்வி. ஓர் ஆட்டத்தின் தோல்வியை வைத்து எதையும் முடிவு கட்டுவது நியாயமாகாது. ஆனால் அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பையை மான்ட்ரியல் தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கவசத்தோடுதான் வென்றது. 1962-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசும் பிளான்ட்டுக்கே கிடைத்தது. கண் தெரியாது, துணிவு போய்விடும் என்ற வாதம் அத்துடன் தீர்ந்தது.

1970-ல் இறுதிப் போட்டியில் வட்டு பட்டு அவருடைய கவசம் உடைந்தது. கவசம் இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும் என்று அவரே சொன்னார். அப்போது அவருக்கு வயது 41. அதன் பின்னும் சில ஆண்டுகள் ஆடினார். 1986-ல் காலமானார். அவர் அணிந்த 1-ஆம் எண்ணை 1995 முதல் மான்ட்ரியல் அணியில் வேறு யாருக்கும் தருவதில்லை.

இந்தப் புகழில் ஒரு செய்தி மறைந்து போகிறது. பிளான்ட் கேட்டது நியாயம் என்பதால் மட்டும் அது கிடைத்து விடவில்லை. அந்த இரவு அவர் இல்லாமல் ஆட்டம் நடக்காது என்பதால் கிடைத்தது. நேற்றுச் சேர்ந்த பையன் ஒருவன் அதே கோரிக்கையை வைத்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பிளான்ட் வழிகாட்டிய பிறகும், கவசமில்லாத கடைசிக் கோல்கீப்பர் அந்த லீகில் 1974 வரை ஆடினார் என்றால் பழக்கத்தின் பிடி எப்படிப்பட்டது என்று புரியும்.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். 1998-ல் டாக்காவில் கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா மட்டையாளருக்கு மிக அருகே பீல்டிங் செய்யப் போனார். ஓவரில் மூன்று பந்துதானே பாக்கி என்று ஹெல்மெட் வேண்டாம் என்றார். பந்து தலையில் பட்டு, மூன்றாம் நாள் இறந்தார். அவர் கோழை அல்ல. துணிச்சல் மிக்கவர்தான். துணிச்சல் தலையைக் காப்பாற்றவில்லை.

வெல்டிங் பட்டறையில் கண்ணாடி கேட்பவரையும், உயரத்தில் ஏறுமுன் இடுப்பு வார் கேட்பவரையும், சாக்கடைக் குழியில் கவசமின்றி இறங்க மறுப்பவரையும் பயந்தாங்கொள்ளி என்று கேலி பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள். காயம் படுகிறவர் ஒருவர், கேலி பேசுகிறவர் வேறொருவர். இந்த ஏழைகள் யாரும் ஜாக் பிளான்ட் அல்ல. இவர் போனால் அடுத்தவர் வாசலில் காத்திருக்கிறார். ஆகவே காப்பைக் கேட்டுப் பெறும் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. கேட்பதற்கு முன் கொடுப்பதும், அணியாமல் வேலைக்கு விடாமல் இருப்பதும் மேலதிகாரியின் கடமை. முகம் கிழிந்த பிறகு தரும் அனுமதியால் அந்தத் தழும்பு மறையாது.