"விடாமுயற்சி" என்று எழுதினால் போதுமா?



பனித்துருவம் தேடிப் போனோர், கடல்வழி உலகைச் சுற்றப் புறப்பட்டோர், மலைமுகடு ஏறியோர் ஆகியோரின் உண்மைக் கதைத் தொகுப்புகளை நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் விரும்பியே படிக்கிறார்கள். போர்டிக்சன் வட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகளிடம் நான் கண்ட உண்மை இது. சிக்கல், படித்து முடித்த பிறகுதான் தொடங்குகிறது!

1990களின் இறுதியில் அறிமுகமான நிலாம் வாசிப்புத் திட்டத்திற்காக மாணவர்கள் நூலின் தலைப்பு, ஆசிரியர், கதைச்சுருக்கம், படிப்பினை ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள். அன்று ஏட்டில் எழுதினார்கள். இன்று இணையத்தில் பதிகிறார்கள். அந்தப் படிப்பினைப் பகுதியைச் சற்றே புரட்டிப் பாருங்கள். ஸ்காட்டைப் படித்தவனும் "விடாமுயற்சி வெற்றி தரும்" என்கிறான். மகெல்லனைப் படித்தவளும் அதையே எழுதுகிறாள். எவரெஸ்ட் கதைக்கும் அதே வரிதான். பத்து நூல்களுக்கு ஒரே கருத்து! இது பிள்ளையின் கருத்தா? இல்லை. பெரியவர்கள் வாயில் ஊட்டிய கருத்து.

இந்த வரி உண்மைக் கதையையே பொய்யாக்கிவிடுகிறது என்பதுதான் என் வாதம்.

ஸ்காட்டை எடுத்துக்கொள்வோம். அவர் 1912 சனவரி 17ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தார். ஐந்து வாரங்களுக்கு முன்பே, 1911 டிசம்பர் 14இல், அமுண்ட்சென் அங்கு வந்து சென்றிருந்தார். திரும்பும் வழியில் ஸ்காட்டும் தோழர்கள் நால்வரும் மாண்டனர். கடைசி மூவர் இறந்து கிடந்த கூடாரத்திலிருந்து உணவுக் கிடங்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. இவர்களிடம் விடாமுயற்சி இல்லையா? இருந்தது. வெற்றி தந்ததா?

மாறாக, ஷேக்கில்டன் 1909 சனவரி 9ஆம் நாள், துருவத்திற்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் இருக்கையில் திரும்பி நடந்தார். மேலே சென்றால் துருவத்தைத் தொடலாம். உயிரோடு மீள முடியாது என்பதை உணர்ந்தார். அவரோடு சென்ற மூவரும் உயிருடன் திரும்பினர். முயற்சியைக் கைவிட்ட இந்த முடிவுக்கு நம் பதிவில் இடம் உண்டா? ஸ்காட் குழுவின் கதையைப் படித்துவிட்டு, "முன்னரே திரும்பியிருக்கலாம்" என்று ஒரு மாணவன் எழுதினான். அதை அடித்துவிட்டு "விடாமுயற்சி" என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார் ஓர் ஆசிரியர். அந்தப் பிள்ளை இனித் தான் நினைத்ததை எழுதுவானா?

நம் ஊர்க் கடலுக்கே வருவோம். நம் கண்முன் விரியும் மலாக்கா நீரிணை வழியேதான் போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடிக்க வந்தார்கள். அங்கே மகெல்லன் அடிமையாகக் கொண்ட இளைஞனுக்கு என்ரிக் என்று பெயரிட்டார். 1521இல் பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தபோது, அவன் பேசிய மலாய்மொழிதான் கப்பலுக்கு வாயாக இருந்தது. தாம் இறந்தால் அவனுக்கு விடுதலை என்று மகெல்லன் உயில் எழுதியிருந்தார். 1521 ஏப்ரல் 27இல் அவர் கொல்லப்பட்ட பிறகும் மாலுமித் தலைவர்கள் அந்த விடுதலையைத் தர மறுத்தனர். தொகுப்புகள் பலவற்றில் இவன் ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறான். அல்லது அந்த ஒரு வரியும் இல்லை. "இந்தக் கதையில் யாருடைய குரல் இல்லை?" என்று நம் பிள்ளைகள் கேட்க வேண்டாமா? பால்மரக் காட்டில் பெயரின்றி உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

"சோகக் கதைகள் எதற்கு?" என்கின்றனர் சில பெற்றோர். இறப்பை மறைத்துச் சொன்னால் துணிவின் விலை பிள்ளைக்கு எப்படித் தெரியும்? "தேர்வுக்கு உதவுமா?" என்கின்றனர் வேறு சிலர். யுபிஎஸ்ஆர் தேர்வே 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. அந்த அச்சம் மட்டும் இன்னும் அகலவில்லை!

"நம்மவர் கதையைக் கொடுங்கள்" என்போரின் கோரிக்கை நியாயமானது. 1997 மே 23ஆம் நாள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் ஆயினர். நம் பிள்ளைகள் அனைவரும் அறிய வேண்டிய பெயர்கள் இவை. ஆயினும், "நமக்குப் பெருமை" என்ற வரியோடு அதையும் மூடிவிடக்கூடாது. முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான் ஒரே புயலில் எண்மர் அம்மலையில் மாண்டிருந்தனர். அதை அறிந்தும் ஏறியவர்கள் இவர்கள். இவர்களோடு ஏறிய ஷெர்பாக்கள் யார்? அதையும் மாணவர்கள் தேடட்டும்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். படிப்பினைப் பகுதியில் மூன்று வினாக்களைக் கேளுங்கள். அவர் எந்த இடத்தில் முடிவெடுத்தார்? அதற்கு யார் விலை கொடுத்தார்கள்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? விடை ஒரு வரியாக இருக்கட்டும், எழுத்துப்பிழையோடுகூட இருக்கட்டும். பிழையைத் திருத்துங்கள், கருத்தைத் திருத்தாதீர்கள்.

சொந்தமாக ஒரு கருத்தைச் சொல்லவும் துணிவு வேண்டும். அந்தத் துணிவைப் பறித்துவிட்டு, சாகசக் கதைகளைப் படிக்கக் கொடுத்து என்ன பயன்?

சிந்திப்போம்.