ஒப்பிக்க ஒரு ஆள்

சித்திரை மாதம் என் பேத்தியை அழவைத்துவிட்டேன். எழுபத்தாறு வயதுக்காரன் செய்கிற காரியமா அது? மனதில் கிடந்து உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன்.

அவள் பி.ஏ. முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் சில மதிப்பெண்ணில் போய்விட்டது. 2024-இல் அந்தத் தேர்வுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. அந்தக் கூட்டத்தில் ஒரு மதிப்பெண் என்பதே பெரிய பள்ளம். "மூணு தடவை படிக்கிறேன் தாத்தா, நிக்கவே மாட்டேங்குது" என்பாள். அந்த நேரத்தில்தான் துறையூர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த நோட்டீஸ் என் மகன் கண்ணில் பட்டது. நிமிடத்துக்கு ஆயிரம் சொற்கள் படிக்கலாம், படித்தது மறக்கவே மறக்காது, நான்கே ஞாயிற்றுக்கிழமைகள், திருச்சியில் வகுப்பு. பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டினான். வேண்டாம் என்றேன். "உங்க காலம் வேறப்பா" என்றான். அதற்குமேல் அப்பன் பேச முடியுமா?

நான்கு ஞாயிறும் திருவெள்ளறை வழியாகப் பஸ்ஸில் போய், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இருட்டிய பிறகு வந்து சேர்ந்தாள். கடைசி ஞாயிறு இரவு மகன் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தான். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடத்தை மளமளவென்று புரட்டி முடித்தாள். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு அறுநூறு சொல். வீடே பூரித்துப்போனது. நான் சும்மா இருந்திருக்கலாம். "நிதி ஆணையத்தை யாரம்மா நியமிக்கிறது? எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை?" என்று கேட்டேன். தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் விழித்தாள். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி. மூன்றாவது கேள்வியில் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேள்வி கேட்டது தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டது தப்பு.

அந்த வகுப்பில் விற்ற சரக்கு இரண்டு. ஒன்று வேகம், இன்னொன்று ஞாபகம்.

வேகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் கண் கூர்மையாகப் பார்க்கும் இடம் ஏறத்தாழ அந்த நகத்தின் அகலம்தான். மற்றதெல்லாம் மங்கல். அதனால் படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை; தத்தித் தத்தி, நின்று நின்று போகிறது. இதை 1870-களின் கடைசியிலேயே எழுதிவைத்தவர் எமில் ஜவால் என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர். (பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இந்தப் பெயர்களில் எனக்கு ஒரு பாசம், பொறுத்துக்கொள்ளுங்கள்.) 1959-இல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் என்ற ஆசிரியை வேகவாசிப்பு வகுப்பைப் பெரிய வியாபாரமாகவே தொடங்கினார். கையால் பக்கத்தைத் தடவிக்கொண்டே போனால் ஆயிரக்கணக்கான சொல் படிக்கலாம் என்றார்கள். இந்தத் துறையிலேயே வாழ்நாளைக் கழித்த கீத் ரேய்னர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எழுதிய கட்டுரை 2016-இல் வந்தது. வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும், இரண்டையும் ஒன்றாகக் கூட்ட மந்திரம் கிடையாது என்பதுதான் அதன் சாரம். ஆங்கிலத்தில் நன்றாகப் படிக்கிறவர்களே நிமிடத்துக்கு 200 முதல் 400 சொல்தானாம். தமிழுக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது. "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது நமக்கு ஒரே சொல். இங்கிலீஷ்காரனுக்கு அது ஆறேழு சொல்.

ஆனால் வேகம் என்ற ஒன்றே இல்லை என்று சொல்ல மாட்டேன். குரூப் 4-இல் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 வினாடி. மெல்லப் படிக்கிறவர் அங்கே முழுகிப்போவார். வேகம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வழக்கு. இளநிலை உதவியாளராகச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு ஒரு கோப்பு அரை நாளைத் தின்னும். பத்து வருடம் கழித்து, காலை டீ வருவதற்குள் ஐம்பது அறுபது தபால் பார்த்துவிடுவேன். என் கண் வேகமாகிவிடவில்லை. எது பார்வை, எது ஆணை, எது வழக்கமான வாசகம் என்று தெரிந்துபோனது. தெரிந்ததைத் தாண்டிப் போனேன், அவ்வளவுதான்.

தாண்டியதில் ஒருமுறை விழுந்தும் இருக்கிறேன். ஒரு அரசாணையில் "நீங்கலாக" என்ற ஒற்றைச் சொல்லைக் கண் தாண்டிவிட்டது. அதனால் ஒரு அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் எட்டு மாதம் தள்ளிப்போனது. பச்சைமலை அடிவாரத்திலிருந்து பஸ் மாறி மாறி நான்கு முறை வந்தார்கள். நான்காவது முறை அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடியிலிருந்து நாலு கொய்யாப்பழம் எடுத்து மேசையில் வைத்தார். அந்த முகம் மறக்கவில்லை. இதற்கு எந்த வகுப்புக்கும் போகவில்லை.

அடுத்தது ஞாபகம். நான் படித்தது காரைக்காலில். 1954 நவம்பர் 1-இல் ஊர் கை மாறினாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் உடனே மாறவில்லை. வாரம் ஒருமுறை ரெசித்தாசியோன். கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, லா ஃபோந்தேன் எழுதிய நீதிக்கதைப் பாட்டைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். மனப்பாடத்துக்கு பிரெஞ்சில் "பார் கேர்" என்பார்கள். இதயத்தால் என்று பொருள். இதயமாவது ஒன்றாவது, எனக்கு அப்போது வயிறுதான் கலங்கும். காக்காவும் நரியும் கதையைப் பத்து வயதில் ஒரு எழுத்து பிசகாமல் சொல்வேன். அது எங்கள் பாட்டி சொன்ன வடை கதைதான், வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி என்று உறைத்தது இரண்டு வருடம் கழித்து. பொருள் தெரியாத மனப்பாடத்தின் லட்சணம் அது. அதற்காக மனப்பாடத்தையே குப்பையில் போடச் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பாட்டு இன்றும் இருக்கிறதே!

பதினேழு வயதில் அப்பா போய்விட, துறையூரில் மாமா வீட்டுக்கு வந்தோம். பிரெஞ்சு தெரிந்த பையனுக்கு இந்த ஊரில் என்ன வேலை? தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். மாமா சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்து ஒரு செய்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். பிறகு பத்திரிகையைப் பிடுங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு" என்பார். நான் தடுமாறும்போது எடுத்துக் கொடுக்க மாட்டார். வெற்றிலையை மென்றுகொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் எனக்குத் தமிழையும் கொடுத்தது, உத்தியோகத்தையும் கொடுத்தது.

பிறகு திருச்சி ஆபீஸில் இருந்தபோது ஒன்பது வருடம் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் பிரபந்தம் படிக்கும் சின்னப் பையன்கள். சந்தை சொல்வது என்பார்கள்: குரு ஒருமுறை சொல்வார், பையன்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். அதுவே நாள் கணக்கில், மாதக் கணக்கில். மார்கழி வந்தால் கோயிலில் அத்யயன உற்சவம், பகல்பத்து, இராப்பத்து. நாலாயிரம் பாசுரமும் வாயிலிருந்தே வருகிறது. அரையர்கள் தாளத்தோடு சேவிப்பதைக் கூட்டத்தில் எக்கிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் பட்ட விஷயம் இதுதான்: அங்கே தனியாக ஞாபகம் வைத்திருப்பவர் யாருமில்லை. கோஷ்டியில் ஒருவர் தடுமாறினால் பக்கத்துக் குரல் தூக்கிக்கொண்டு போகிறது. தப்பாகச் சொன்னால் பத்துக் காது கேட்கிறது.

பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்திலேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். ஒருமுறை கேட்டால் போதாது. மறுமுறை கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறைதான் எடுத்துச் சொல்ல வரும். ஆசிரியர் சொன்னதை முழுதும் வாங்கிக்கொண்டாலும் கைக்கு வருவது கால் பங்கு. கூடப் படிப்பவரோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, அடுத்தவருக்கு விரித்துச் சொல்லும்போதுதான். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது பார்க்காமல் எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்து மயக்கத்தில்தான் என் பேத்தி இரண்டு வருடமாக இருந்திருக்கிறாள். மூன்று முறை படித்ததும் தெரிந்த மாதிரி இருக்கும். அது பழகிய முகம். பெயர் கேட்டால் வராது.

நம் பழைய பேச்சைப் பாருங்கள். உ.வே.சா. பாடம் படித்தார் என்று யாரும் சொல்வதில்லை, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார் என்பார்கள். கேட்ட பாடத்தை ஒப்பிப்பது. ஒப்பித்தலும் ஒப்படைத்தலும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். ஆபீஸில் பொறுப்பு ஒப்படைக்க எதிரே ஒரு ஆள் வேண்டும், வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட. பாடத்துக்கும் அந்த ஆள்தான் வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குப் புத்தகம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, செயலி இருக்கிறது. எதிரே உட்கார்ந்து "இப்ப சொல்லு" என்று காத்திருக்க ஆள் இல்லை. அந்த ஆளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு பன்னிரண்டாயிரம் கொடுத்தோமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அவள் படித்துக்கொண்டிருந்த இரண்டு வருடமும் அதே கூடத்தில் நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்?

வகுப்பில் கற்றதெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு பட்டியலை வீட்டின் இடங்களோடு முடிச்சுப் போடும் வித்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அரசியலமைப்பின் 12 அட்டவணைகளையும் வாசல் கேட்டில் தொடங்கிக் கொல்லைப்புறக் கிணறு வரை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்து கடகடவென்று சொல்கிறாள். எனக்கே ஆச்சரியம். 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்துகாட்டிய செய்குத்தம்பிப் பாவலர் போன்றவர்களும் நம்மில் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள புத்தகம் மொத்தத்தையும் கிணற்றடியில் நிறுத்த முடியுமா?

மூன்றாம் நாள் நானே போய்க் கதவைத் தட்டினேன். "தாத்தா கேட்டது தப்பும்மா. இனிமே நீ சொல்லு, நான் புத்தகத்தை வெச்சுக்கிறேன்" என்றேன். ஒரு வாரம் முறைப்பாகத்தான் சொன்னாள். இப்போது தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம். புத்தகமும் பூதக்கண்ணாடியும் என் கையில். அவள் மூடிய பாடத்தைச் சொல்வாள். தடுமாறினால் காத்திருப்பேன். வெற்றிலைதான் இல்லை, டாக்டர் நிறுத்திவிட்டார். ஆபீஸ் புத்தி ஒன்றும் உதவியது. தன் பதிவேட்டில் ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் நாள் குறித்து நினைவூட்டு அனுப்புவோம், பிறகு இரண்டாம் நினைவூட்டு. அதேபோல் இன்று ஒப்பித்த பாடத்தின் எண்ணை தினசரி காலண்டரில் நாளைய தாளில், மூன்றாம் நாள் தாளில், அடுத்த வாரத் தாளில் பென்சிலால் எழுதிவிடுகிறோம். தாளைக் கிழிக்கும்போது பாடம் தானாக வந்து நிற்கும். மகன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் டிவியைப் போடுவதில்லை.

தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

போன வாரம் ஒருநாள், "நீங்க மட்டும் கேக்கறீங்களே, நீங்க ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றாள். காக்காவும் நரியும் சொல்கிறேன் என்றேன். செல்போனில் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டாள். பிரெஞ்சு தெரியாது; எழுத்தை வைத்து விரலால் தொடர்ந்துகொண்டே வந்தாள். அறுபத்தைந்து வருடப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கையைத் தட்டுவாள் என்று பார்த்தால், விரல் நடுவில் ஒரு இடத்தில் நின்றிருந்தது. "தாத்தா, இங்க ஒரு வரிய விட்டுட்டீங்க."

மறுநாள் காலை காலண்டர் தாளைக் கிழித்தேன். நிதி ஆணையம் பாட எண்ணுக்குக் கீழே அவள் கையெழுத்தில் பென்சிலால் இருந்தது: தாத்தா – காக்கா, மறுபடி.