தொழிலின் தூசு



காந்திபுரம் பேருந்து நிலையத்தில் காலை வேளையில் சற்று நின்று பாருங்கள். ஆலைத் தொழிலாளி, ஆசிரியை, காவலர், செவிலியர், வியாபாரி என எத்தனை தொழிலினர்! அவர்கள் உணவுப் பாத்திரத்துடன் வேலைக்குச் செல்வதைக் காண்கிறோம். மாலையில் வீட்டிற்கு எதைச் சுமந்து திரும்புகிறார்கள் என்பதையோ நாம் காண்பதில்லை.

கோவையில் 1888-ஆம் ஆண்டு ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பாலை நிறுவினார். அன்று தொட்டுப் பஞ்சு நம் ஊருக்குச் சோறிட்டு வந்துள்ளது. அதே பஞ்சின் தூசு பலருடைய நெஞ்சையும் அடைத்திருக்கிறது. 'பிசினோசிஸ்' என்று மருத்துவர் கூறும் அந்நோயின் தொடக்கம் விந்தையானது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அடுத்த நாட்களில் தணிந்துவிடும். ஆகவே தொழிலாளி அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இறுக்கம் நாள்தோறும் தங்கிவிடக்கூடும்.

தொழில்வழி வரும் நோய்களைப் பற்றி 1700-இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாத்சீனி, 'உம் தொழில் யாது?' என்றும் நோயாளியிடம் வினவ வேண்டும் என மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். ஆன்மாவை ஆராயும்போதும் இக்கேள்வி தேவையன்றோ?

உள்ளத்தில் படியும் தூசும் உண்டு. பிறர் பிழையைத் திருத்தியே பழகிய ஆசிரியர், இல்லத்தாரின் பேச்சிலும் பிழையே தேடுவார். பொய்யரையே நாள்தோறும் விசாரிக்கும் காவலர், பெற்ற மகனின் மெய்யையும் ஐயுறுவார். துன்பத்தின் நடுவே தளராதிருக்க மனத்தை இறுக்கிக்கொண்ட செவிலியர், வீட்டில் ஒருவர் அழும்போது இளக மறந்துவிடலாம். வியாபாரியோ உறவுகளையும் வரவு செலவாக எண்ணத் தொடங்கலாம். இவை தீய குணங்களாகத் தொடங்கவில்லை. தொழிலுக்கு வேண்டிய திறமைகளாகவே தொடங்கின. அதனாலேயே நமக்குப் புலப்படுவதில்லை.

குருவானவருக்கும் இது உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கணவரை இழந்த என் தமக்கை என்னைக் காண வந்தார். நான் சிலுவையைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் நெடுநேரம் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து, "பிரசங்கம் கேக்கோணும்னா ஞாயித்துக்கிழமை கோவிலுக்கு வருவேன் சாமி. இன்னிக்கு என் தம்பியைப் பாக்கத்தான் வந்தேன்" என்றார். விடையளிக்க என்னிடம் சொல் இல்லை.

ஆயக்காரரும் போர்வீரரும் தம்மிடம் வந்தபோது, ஸ்நாபக அருளப்பர் அவர்களைத் தொழிலை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆயக்காரர் மிகையாக வரி வாங்குதலையும், வீரர் மிரட்டிப் பறித்தலையும் விலக்கினார். அவரவர் வழுக்கி விழும் இடத்தையே சுட்டிக் காட்டினார்.

அவ்விடத்தை நாமே காண்பது அரிது. உடனிருப்போர் நன்கு அறிவர். இன்றிரவு குடும்ப செபம் முடிந்தபின், 'என் வேலை என்னை எவ்வாறு மாற்றியிருக்கிறது?' என்று இல்லத்தாரைக் கேளுங்கள். குறுக்கிடாதீர்கள், நியாயம் பேசாதீர்கள். அடுத்த வாரமே நான் தமக்கையின் வீட்டிற்குச் சென்றேன். அவர் பேசி முடிக்கும்வரை திண்ணையில் வாய் திறவாது அமர்ந்திருந்தேன். அன்றுதான் அவருடைய துயரம் இன்னதென்று அறிந்தேன்.