குற்றமன்று, நோயே



மணமாகிச் சில ஆண்டுகள் கடந்தும் மழலைச் செல்வம் வாய்க்காத இல்லங்களில், பழி முழுவதும் மனைவியின் தலைமேல் விழுவதை நாம் காண்கிறோம். அத்தகைய துயருக்குப் பின்னால் சில வேளைகளில் மறைந்து நிற்கும் ஒரு நோயைப் பற்றி இம்மாதம் எழுதத் துணிகிறோம். கூச்சத்தினால் இதனைப் பேசாது விடுவதே பெருங்கேடாக முடிகிறது.

கருப்பையின் அடிப்பகுதி, ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள கழுத்தைப் போல் குறுகி அமைந்துள்ளது. இதுவே கருப்பை வாய். இதில் சுரக்கும் வழுவழுப்பான நீர், மாதத்தின் பெரும்பகுதியில் கெட்டியாக நின்று கிருமிகளைத் தடுக்கிறது. கருமுட்டை வெளிப்படும் நாட்களை ஒட்டித் தெளிந்து நெகிழ்ந்து, ஆணின் உயிரணுக்களுக்கு வழிவிடுகிறது. இவ்வாயிலில் அழற்சி நெடுநாள் நிலைத்துவிட்டால், அதனை நாட்பட்ட கருப்பை வாய் அழற்சி என்பர்.

வெட்டை நோய்க் கிருமியும், கிளமிடியா என்னும் கிருமியும் இதற்கு முக்கிய காரணங்கள். காரமான மருந்து நீரால் உட்புறத்தைக் கழுவும் பழக்கமும் அழற்சி உண்டாக்கலாம். நாற்றமுள்ள அல்லது சீழ் போன்ற வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் இரத்தக் கசிவு, அடிவயிற்று வலி ஆகியவை அறிகுறிகள். ஆயினும் கிளமிடியா தொற்றிய பெண்களுள் பெரும்பாலோர்க்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை.

நோய் வாயிலோடு நின்றுவிட்டால் ஆபத்துக் குறைவு; மேலேறிக் கருக்குழாய்களை அடைந்தால் அங்கே தழும்பு உண்டாகி வழி அடைபடக்கூடும். சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், 1960-க்கும் 1984-க்கும் இடையே இவ்வாறு மேலேறிய அழற்சிக்கு உள்ளான பெண்களை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து, 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒருமுறை நோயுற்றவர்களுள் நூற்றுக்கு 8 பேரும், இருமுறை நோயுற்றவர்களுள் ஏறத்தாழ 20 பேரும், மும்முறையோ அதற்கு மேலோ நோயுற்றவர்களுள் 40 பேரும் கருக்குழாய்க் கேட்டினால் மகப்பேறின்றி நின்றனர். காலம் தாழ்த்தலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? கிருமியைச் சில நாள் மருந்தால் ஒழித்துவிடலாம்; விழுந்துவிட்ட தழும்பை அம்மருந்து அழிக்காது.

எனினும் வீண் அச்சமும் வேண்டா. வெள்ளைப்படுதல் எல்லாம் நோயாகாது. 'கருப்பை வாயில் புண்' என்று சொல்லப்படுவதும் பல பெண்களிடம் இயல்பாகக் காணப்படும் சிவப்பு நிறமேயன்றிப் புண்ணன்று. சோதித்து அறிய வேண்டியவர் மருத்துவர். அண்டை வீட்டார் அல்லர்.

கணவர்களுக்கு ஒன்று கூறுவோம். இக்கிருமிகள் உறவின் வழியே பரவுபவை. ஆதலால் மனைவி மட்டும் மருந்துண்டு கணவர் உண்ணாதிருந்தால், நோய் மீண்டும் திரும்பும். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னவுடன் ஒருவரையொருவர் சந்தேகிப்பதும் தகாது. கிளமிடியா ஆணிடமும் பெண்ணிடமும் அறிகுறியின்றிப் பல மாதங்கள் தங்கியிருக்கக் கூடும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைச் சோதனை சொல்லாது. மேலும், பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்துக் குறையும் காரணமாகவோ, காரணங்களுள் ஒன்றாகவோ அமைகிறது. எனவே சோதனை இருவருக்கும் உரியது.

வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டி வேண்டிக்கொள்ளுங்கள், நாம் தடுப்போமல்லோம். ஆனால் அதே நம்பிக்கையோடு மருத்துவமனைக்கும் செல்லுங்கள்.

மாமியார்மாரே, உங்களுக்கும் ஒரு சொல். மருமகள் அடிவயிறு வலிக்கிறது என்றால், 'இது பெண்களுக்கு வழக்கந்தான்' என்று அடக்கிவிடாதீர்கள். உங்கள் மகனையும் உடன் அனுப்பி, இருவரையும் மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். 'மலடி' என்ற சொல் உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்காதிருக்கட்டும்.